விலை ஸ்டிக்கருக்கு அடியில்: கொழும்பு கராஜ் ஒன்றில் நடந்த 'நனோ' ஸ்ப்ரே விபத்து

"அண்ணை, பெடியன் ஒருத்தனை ஆஸ்பத்திரியில மறிச்சுப்போட்டினம். நெஞ்சுக்குள்ள நனோ ஏறிட்டுதாம்."

பஞ்சிகாவத்தைக்கும் மருதானைக்கும் இடையில் ஓர் ஒழுங்கையில் கார்களுக்குப் பொலிஷும் கோட்டிங்கும் செய்யும் முதலாளி ஒருவர், மழை பெய்த ஓர் ஒக்டோபர் இரவு எனக்கு இப்படித்தான் போன் எடுத்தார். தொழிலிடப் பாதுகாப்பு என் வேலை. மெஷினில் விரல் போனது, ஏணி சறுக்கியது, கரன்ட் அடித்தது என்று எத்தனையோ அழைப்புகள் வந்திருக்கின்றன. நனோ ஏறிவிட்டது என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலையே போனேன். கராஜின் பெயர், பொருளின் பெயர், வைத்தியசாலையின் பெயர் எதுவும் இங்கே வராது. யாரையும் பிடித்துக் கொடுக்க இதை எழுதவில்லை.

பாதிக்கப்பட்டவருக்கு இருபத்திரண்டு வயது. ஹட்டன் பக்கத்துப் பையன், கொட்டாஞ்சேனையில் இரண்டு சிநேகிதர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். கராஜுக்கு வந்து எட்டு மாதம். அன்றைய வேலை ஒரு வான். சொந்தக்காரருக்குச் சின்னப் பிள்ளைகள். சீட்டில் பால் சிந்தினாலும் ஊறாமல் உருண்டு ஓட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். சீட், கூரைத் துணி, தரைக் காப்பெட் எல்லாவற்றுக்கும் 'நனோ' அடிப்பதென்று பேச்சு. வழக்கமாக இதை முற்றத்தில் தறப்பாளுக்குக் கீழே செய்வார்கள். அன்று காலையிலிருந்தே மழை. வானை உள்ளே ஏற்றி, சாரல் அடிக்காமல் ஷட்டரை இழுத்து விட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள்.

பொருள் ஐந்து லீற்றர் கேனில் வருகிறது. அதிலிருந்து ஒரு வெறும் சோடாப் போத்தலில் ஊற்றி, போத்தலிலிருந்து பெயின்ட் அடிக்கிற ஸ்ப்ரே கன்னுக்குள் ஊற்றுவது அங்கே பழக்கம். ஸ்பொஞ்சால் தடவினால் ஒரு வானுக்கு ஒன்றரை மணித்தியாலம் போகும். கன் என்றால் இருபது நிமிடம். முதன்முதலில் கன்னில் ஊற்றியது யார் என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதலாளிதான் என்று பிறகு தெரிந்தது.

பையன் வானுக்குள் குந்தியிருந்து முதலில் கூரைத் துணிக்கு அடித்திருக்கிறான், அதாவது முகத்துக்கு மேலே. கொரோனா காலத்து நீல நிற சேர்ஜிக்கல் மாஸ்க் ஒன்று போட்டிருந்தான். பத்து நிமிடத்தில் இருமல். தின்னர் வாசமாக இருக்கும் என்று நினைத்து வேலையை முடித்துவிட்டு வெளியே வந்து பிளேன்டீ குடித்திருக்கிறான். அரை மணித்தியாலத்தில் நெஞ்சு இறுகியது, குளிர் நடுக்கம் வந்தது. நாலு மணிக்கு மேல்மாடிக் கழிவறைக்குப் படி ஏறப் போனவன் நடுப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"மூச்ச இழுத்தா பாதியிலயே நிக்குது சேர். மிச்சப் பாதிய யாரோ புடிச்சி வச்சிருக்க மாதிரி," என்று பிறகு எனக்குச் சொன்னான். எந்த மருத்துவப் புத்தகத்திலும் இவ்வளவு சரியாக எழுதியிருக்க மாட்டார்கள்.

த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்திருந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் பஞ்சு பிய்த்துப் போட்டதுபோல வெள்ளைத் திட்டுகள். ஒட்சிசன் கொடுத்து, ஸ்டீரொயிட் கொடுத்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். என்ன அடித்தாய் என்று டொக்டர் கேட்டபோது அவன் சொன்ன பதில் ஒரே சொல்: "நனோ." வேறு எதைச் சொல்வான்? சோடாப் போத்தலில் லேபிள் இல்லை. அந்தச் சொல் நோயாளி அட்டையில் ஏறியது, கராஜுக்குத் திரும்பி வந்தது, ஒழுங்கை முழுவதும் பரவியது. நான் போய் இறங்கும்போது எதிர்க்கடை ஆட்களே என்னிடம் "நனோ கேஸ் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார்கள்.

அறையை அளந்தேன். இருபது அடிக்குப் பதினாலு அடி, உயரம் பத்தடி, ஏறத்தாழ எண்பது கன மீற்றர். கன்னில் ஊற்றியது 350 மில்லிலீற்றர், ஏறக்குறைய 260 கிராம். அதில் நூற்றில் ஒரு பங்குதான் மெல்லிய பனியாகக் காற்றில் தங்கியது என்று வைத்துக்கொண்டாலும் கன மீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வருகிறது. ஒரு விஷமும் இல்லாத சாதாரணத் தூசுக்கே, நுரையீரலின் ஆழம் வரை போகும் பகுதிக்கு அமெரிக்கா வைத்திருக்கும் தொழிலிட எல்லை 5 மில்லிகிராம். பையன் இருந்ததோ வானுக்குள், அங்கே இன்னும் பல மடங்கு இருந்திருக்கும். இது கைக்கணக்குத்தான், அந்த நேரத்தில் அங்கே யாரும் மீற்றர் வைத்து அளக்கவில்லை.

"ஏசி போட்டுத்தானே இருந்தது?" என்றார் முதலாளி. கொழும்பில் பாதிப் பேருக்கு இந்த நம்பிக்கை உண்டு. சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே எடுத்து, குளிராக்கி, திரும்ப உள்ளேயே விடுகிறது. அன்று அது செய்தது, பனியை மூலை முடுக்கெல்லாம் கலக்கி விட்டதுதான்.

அடுத்து கேனைக் கேட்டேன். பளபளவென்று நீல லேபிள், வெள்ளித் துளி ஒன்று உருள்கிற படம், நடுவில் பெரிதாக 'நனோ'. பின்பக்கத்தில் இறக்குமதியாளரின் விலை ஸ்டிக்கர், உள்ளங்கை அகலம். அதன் ஒரு ஓரத்தில் சிவப்புக் கோடு எட்டிப் பார்த்தது. கராஜில் ஸ்டிக்கர் கழற்றும் ஹீட் கன் இருந்தது. மெதுவாகச் சூடு காட்டி உரித்தேன். சிவப்புக் கட்டத்துக்குள் தீச்சுவாலை, பக்கத்தில் மனித நெஞ்சில் நட்சத்திரம் வெடிக்கிற படம். அதன் கீழே ஆங்கிலத்தில் மூன்று வரி: பனியைச் சுவாசிக்க வேண்டாம், காற்றோட்டமான இடத்தில் மட்டும் பாவிக்கவும், துணியில் அல்லது ஸ்பொஞ்சில் தொட்டுத் தடவவும். எட்டு மாதமாக அந்த மூன்று வரிக்கு மேல் விலை ஒட்டியிருந்தது.

இறக்குமதியாளரிடம் பாதுகாப்புத் தரவுத் தாள் கேட்டேன். பதினாறு பிரிவுகளோடு வர வேண்டிய தாள், மூன்று நாள் கழித்து இரண்டு பக்கமாக வந்தது. நல்ல காலம், உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் மூன்றாம் பிரிவு அதில் இருந்தது. பெட்ரோலிய வகைக் கரைப்பான் எண்பது வீதத்துக்கு மேல், ஃபுளோரோபொலிமர் என்ற, நீரை விரட்டும் பிளாஸ்டிக் வகை ஐந்து வீதத்துக்குக் கீழ். தேடித் தேடிப் பார்த்தேன், நனோத்துகள், அதாவது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான நனோமீற்றரில் அளக்கும் துகள், என்று ஒன்றும் இல்லை. காய்ந்த பிறகு துணியில் படியும் படலம் அவ்வளவு மெல்லியது என்று சொல்லத்தான் அந்தப் பெயரை வைத்திருப்பார்கள். விற்பனைக்காகவும்.

சரி, நனோ இல்லையென்றால் பையனின் மூச்சைப் பிடித்தது எது?

நுரையீரலின் கடைசிக் கிளைகளில் இருப்பவை கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகள். உள்ளே ஈரம். ஈரமான இரண்டு பொலித்தீன் தாள் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்தானே? அப்படி ஒட்டாமல் இருக்க உடம்பே சவர்க்காரம் மாதிரி ஒரு பூச்சை அந்தப் பைகளுக்குள் பூசி வைத்திருக்கிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுக்குத் திணறுவது பெரும்பாலும் இந்தப் பூச்சு இன்னும் ஊறாததால்தான். நீரை விரட்டும் ஃபுளோரோபொலிமர் நுண்துளியாகி அங்கே போனால் இந்தப் பூச்சைக் குழப்பிவிடும். பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். சீட்டில் பாலை விரட்டுகிற அதே குணம்தான் இது, இடம் மட்டும் மாறிவிட்டது. தடவியிருந்தால் துணியோடு போயிருக்கும். கன்னின் அழுத்தம் அதைப் பத்து மைக்ரோனுக்கும் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று) சின்னத் துளியாக உடைத்து மூச்சுப் பாதைக்குள் அனுப்பிவிட்டது.

சிகரட் பத்துவாயா என்றும் பையனிடம் கேட்டேன். ஃபுளோரோபொலிமர் பட்ட கையால் சிகரட் பிடித்தால், நெருப்பில் அது உடைந்து வரும் புகையே காய்ச்சலும் நெஞ்சிறுக்கமும் தரும். இல்லை என்றான். அந்தக் கதவை மூடினேன்.

இதே கதை ஜெர்மனியில் அப்படியே நடந்திருக்கிறது. 2006 மார்ச்சில் 'மேஜிக் நனோ' என்ற குளியலறை ஸ்ப்ரே கடைகளுக்கு வந்தது. சில நாட்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மூச்சுத்திணறல். ஆறு பேர் நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பொருள் திருப்பி எடுக்கப்பட்டது. நனோவின் முதல் பலி ஆட்கள் இவர்கள் என்று உலகமெல்லாம் செய்தி. மே மாதக் கடைசியில் ஜெர்மன் அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் சோதனை முடிவைச் சொன்னது: அந்த ஸ்ப்ரேயில் நனோத்துகளே இல்லை. முன்பு கையால் அமத்தும் பம்ப் போத்தலில் வந்தபோது முறைப்பாடு இருக்கவில்லை. வாயு அடைத்த டின்னுக்கு மாறி, துளி சின்னதானதும்தான் வினை வந்தது.

தென்கொரியாவில் நடந்தது இதைவிடக் கொடியது. வீட்டுக்குள் காற்றை ஈரமாக்கும் கருவியின் தண்ணீரில் கிருமி வராமல் கலக்க ஒரு திரவம் 1994 முதல் விற்றார்கள். அதில் பின்னாளில் பாவித்த ஓர் இரசாயனம் தோலில் பட்டாலும் வயிற்றுக்குள் போனாலும் பெரிய கெடுதி இல்லை என்று சோதனைகள் சொல்லியிருந்தன. மூச்சோடு போனால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை. கருவி அதை நுண்பனியாக்கிப் படுக்கையறைக்குள் இரவிரவாக ஊதியது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் காரணம் தெரியாமல் மூச்சு அடைத்து இறப்பதை 2011இல்தான் இதோடு முடிச்சுப் போட்டார்கள். மரணங்கள் ஆயிரத்தைத் தாண்டின. இதில் நனோ என்ற பேச்சே இல்லை, அதனால் நனோ பற்றி எழுதுகிற எவரும் இதைச் சொல்வதும் இல்லை.

நாமும் குறைந்தவர்கள் இல்லை. கொரோனா காலத்தில் கொழும்பு சலூன்களிலும் கடை வாசல்களிலும் நீல வெளிச்சம் அடிக்கிற 'நனோ ஸ்ப்ரே கன்' எத்தனை பேர் தலையில் பனி தூவியது! ஆட்களின் மேல் கிருமிநாசினி தெளிக்கவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லியிருந்தது. நானும் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு நின்றவன்தான்.

இவ்வளவையும் முதலாளிக்குச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நனோவால ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு எழுதித் தாங்கோவன் அண்ணை."

அங்கேதான் நான் பிரேக் போட்டேன். அவர் வாசலில் நின்று பார்த்தால் எதிரே ஒரு ஃபைபர் கிளாஸ் பட்டறை. பம்பர், ஸ்பொய்லர், த்ரீவீல் முன்கண்ணாடி மறைப்பு எல்லாம் வார்ப்பார்கள். ஒருவர் பெரிய கடதாசிப் பையிலிருந்து பிளாஸ்டிக் கோப்பையால் வெள்ளைத் தூளை அள்ளி ரெசினில் கொட்டிக்கொண்டிருந்தார். கொட்டும்போது அது விழவில்லை, மிதந்தது. மூக்கில் ஒரு கைலேஞ்சி. ரெசினைத் தடிப்பாக்கப் போடும் சிலிக்கா தூள் அது, பட்டறையில் வெறும் 'பவுடர்' என்பார்கள். ஒவ்வொரு துகளும் ஏறத்தாழ 7 முதல் 40 நனோமீற்றர். தலைமயிரின் தடிப்பு எண்பதாயிரம் நனோமீற்றர் அளவு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லீற்றர் தூளின் நிறை ஐம்பது கிராம்தான். அந்த ஒழுங்கையில் இருந்த அசல் நனோ அதுதான். பையில் 'நனோ' என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

சின்னதானால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் காணிக் கணக்கில்தான் சொல்வது. ஒரு சென்ரிமீற்றர் கனசதுரக் கட்டியின் மேற்பரப்பு ஆறு சதுர சென்ரிமீற்றர். அதையே ஒரு நனோமீற்றர் கட்டிகளாக நறுக்கினால் 6000 சதுர மீற்றர். காணி அளக்கும் கொழும்புக் கணக்கில் 237 பேர்ச் (ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர்)! அந்தப் பட்டறைத் தூளில் ஒரு கிராமுக்கே எட்டு பேர்ச் மேற்பரப்பு இருக்கலாம். இரசாயனமும் உயிரணுவும் சந்திப்பது மேற்பரப்பில்தான். தொழிலுக்கு நனோ உதவுவதும் உடம்பு அதற்கு வேறுமாதிரி எதிர்வினை காட்டுவதும் இந்த ஒரே காரணத்தால். அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனம் 2011இல் டைட்டேனியம் டயொக்சைட்டுக்கு இரண்டு எல்லைகளைப் பரிந்துரைத்தது: சாதாரணத் தூளுக்குக் கன மீற்றருக்கு 2.4 மில்லிகிராம், அதிநுண் தூளுக்கு 0.3. பொருள் ஒன்று, வெள்ளைப் பெயின்டில் இருப்பதும் சன்ஸ்கிரீமில் இருப்பதும் அதேதான். அளவு சுருங்கியதும் எல்லை எட்டில் ஒன்றாகிவிட்டது.

பட்டறைச் சிலிக்காவுக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அது படிகமில்லாத வகை. கல் உடைப்பவர்களுக்கு நுரையீரல் கல்லாகும் நோயைத் தருவது படிக சிலிக்கா. இரண்டையும் குழப்பக்கூடாது. அதற்காகக் கைலேஞ்சி போதும் என்று அர்த்தமில்லை.

ஆட்களை உண்மையில் நனோ பாதித்ததா என்ற கேள்விக்கு அடிக்கடி காட்டப்படுவது சீனாவிலிருந்து 2009இல் வெளியான ஓர் அறிக்கை. பிளாஸ்டிக் பலகைகளுக்குப் பூச்சுத் தெளித்த ஏழு பெண் தொழிலாளர்கள், ஏழு பேருக்கும் நுரையீரலைச் சுற்றி நீர், இருவர் இறந்துவிட்டார்கள். நுரையீரலில் 30 நனோமீற்றர் அளவுத் துகள்கள் கிடைத்தன. அந்த வேலை அறைக்கு ஒரே கதவு, யன்னல் இல்லை, காற்றை வெளியேற்றும் கருவி நோய் தொடங்குவதற்கு ஐந்து மாதம் முன்பே பழுது, குளிருக்காகக் கதவும் மூடியே இருந்தது. படித்தபோது எனக்கு மருதானை ஷட்டர்தான் கண்ணில் வந்தது. துகள்தான் காரணமா, பூச்சின் இரசாயனமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். காற்று அளக்கப்படாததால் முடிவு சொல்ல வழியில்லை. கெட்டுப்போன அந்தக் கருவி பற்றி யாருக்கும் வாதமில்லை.

காபன் நனோக்குழாய், அதாவது காபன் அணுக்களால் ஆன நார் போன்ற மிக மெல்லிய குழாய், விஷயம் வேறு தரத்தில் இருக்கிறது. எடின்பரோ ஆய்வாளர்கள் 2008இல் நீளமான குழாய்களை எலிகளின் வயிற்றறைக்குள் செலுத்திப் பார்த்தபோது அஸ்பெஸ்டஸ் நார் செய்வதைப் போன்ற அழற்சியைக் கண்டார்கள். நீளமாக, விறைப்பாக, கரையாமல் இருந்தால் உடம்பின் துப்புரவு உயிரணுவால் விழுங்கி முடிக்க முடியாது. 2014இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஒரு குறிப்பிட்ட வகைக் குழாயை மட்டும் மனிதருக்குப் புற்றுநோய் தரச் சாத்தியமுள்ளது என்று வகைப்படுத்தியது. பாதி வீடுகளின் கூரையில் அஸ்பெஸ்டஸ் சீற் போட்டிருக்கும் ஊரில் இந்த ஒப்பீட்டை விளக்கத் தேவையில்லை.

இந்தப் பயங்களோடு தொழிலையும் வைத்துப் பார்க்க வேண்டும். டயரைக் கறுப்பாக்கி உறுதியாக்கும் காபன் பிளாக், நனோ என்ற சொல் பிறக்கும் முன்பிருந்தே தொழிற்சாலைகளில் இருக்கும் நனோப்பொருள். ரப்பருக்குள் பிணைந்துவிட்டால் அது பறக்காது, மூட்டையை வெட்டிக் கொட்டுகிறவர்தான் மூச்சில் இழுக்கிறார். 2008இல் தொடங்கி இப்போது ஹோமாகமவில் இயங்கும் இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனத்தின் விஞ்ஞானிகள், எலும்பிலும் பல்லிலும் இருக்கும் ஹைட்ரொக்சிஅபடைட்டின் நனோத்துகளில் யூரியாவைப் பிணைத்து, வயலில் மெல்ல மெல்லக் கரையும் பசளை ஒன்றை 2017இல் உலகுக்குக் காட்டினார்கள். நல்ல வேலை அது. அங்கேயும் நான் கேட்கப்போவது இதே கேள்விதான்: தூளாகப் பறக்கிறதா, துளியாகப் பறக்கிறதா, இல்லை எதிலாவது ஒட்டி நிற்கிறதா? லேபிளில் நனோ இருக்கிறதா என்பது எனக்கு ரெண்டாம் பட்சம்.

மாஸ்க் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நனோத்துகள் அவ்வளவு சின்னது, என்95 ஓட்டைக்குள்ளால் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாஸ்க் மாவரிப்பு மாதிரி வேலை செய்வதில்லை. மிகச் சின்னத் துகள் காற்று மூலக்கூறுகளிடம் இடிபட்டுக் குடிகாரன் மாதிரித் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டத்தில் ஏதாவது ஒரு நாரில் போய் ஒட்டிக்கொள்ளும். முகத்தோடு ஒட்டிப் பொருந்தினால் என்95 தூளுக்கு நல்ல காவல். ஆனால் கரைப்பான் ஆவிக்கு அது ஒன்றும் செய்யாது, கராஜுக்குத் தேவை துகள் வடியும் உயிர்ப்பூட்டிய கரியும் சேர்ந்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க். சேர்ஜிக்கல் மாஸ்க் இரண்டுக்கும் உதவாது, பக்கவாட்டால் எல்லாம் போகும்.

எழுதிக் கொடுத்தேன். நனோவால் பிரச்சினை இல்லை என்று முதலாளி கேட்ட கடிதத்தை இல்லை. கன் நிறுத்த வேண்டும், கேனிலிருந்து சோடாப் போத்தலுக்கு மாற்றக்கூடாது, பின்சுவரில் வெளியே தள்ளும் ஃபான் வேண்டும், ஸ்டிக்கர் எச்சரிக்கையை மறைக்கக்கூடாது என்று இறக்குமதியாளருக்கும் ஒரு பிரதி. நம்முடைய தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டுடையது. நனோ தொழில்நுட்பம் என்ற சொல்லை ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தனிகுச்சி முதலில் பயன்படுத்தியதே 1974இல்தான். ஆனாலும் வேலை செய்கிற இடத்தில் காற்றோட்டம் வேண்டும் என்று அந்தப் பழைய சட்டம் கேட்கிறது. இந்த விபத்தைத் தடுக்க அது ஒன்றே போதுமாக இருந்தது.

ஜனவரியில் திரும்பப் போனேன். ஃபான் பூட்டியிருந்தார்கள், ஓடிக்கொண்டும் இருந்தது. சீட்டுக்கு ஸ்பொஞ்ச்தான். வாசல் போர்ட்டில் 'நனோ கோட்டிங்' அப்படியே இருந்தது. அந்தச் சொல்லை எடுத்தால் கஸ்டமர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்றார் முதலாளி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பையன் எங்கே என்று கேட்டேன். வேலையை விட்டுவிட்டானாம், நனோப் பயம்.

"எங்க போனவன்?"

நாடியால் எதிர்ப்பக்கம் காட்டினார்.

பட்டறைக்குள் அவன் வெள்ளைத் தூள் பைக்குப் பக்கத்தில், கையில் அந்தப் பிளாஸ்டிக் கோப்பையோடு நின்றான். கண் இமை மயிரெல்லாம் வெள்ளை. என்னைக் கண்டதும் கைலேஞ்சியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுச் சிரித்தான்.

"இப்ப நல்லா இருக்கேன் சேர். இங்க நனோ கினோ ஒண்ணும் இல்ல."

வேலை முடிந்து அஞ்சரைக்கு வருகிறாயா, டீ குடித்துக்கொண்டு கொஞ்சம் பேசலாம் என்றேன். பையிலிருந்த என்95 ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, கவரைப் பிரிக்காமல், சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான்.